வாடிக்கையாளர்களுக்கு மட்டும்

நான் வேலை பார்க்கும் நைட்டிக் கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகள் நெருக்கும் பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து, இன்னொரு ரோட்டில் போய் முடிகிற சந்து. மூன்று வருடத்துக்கு முன்பு தரையில் கல் பதித்து, இரண்டு முனையிலும் இரும்புக் கம்பம் நட்டார்கள். அதிலிருந்து பைக் கூட உள்ளே வருவதில்லை. ஜனங்கள் நிதானமாக நடக்கிறார்கள், வளையல் பார்க்கிறார்கள், ஜூஸ் குடிக்கிறார்கள். போன வருடம் கண்ணாடிக் கதவு போட்ட காபி கடை ஒன்றும் வந்தது.

கல் பதித்தபோது சந்தின் கோடியில் இருந்த கட்டணக் கழிப்பறையை இடித்துவிட்டார்கள். புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். கட்டவில்லை. ஆண்கள் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் போய்க்கொள்கிறார்கள். சந்தில் வேலை பார்க்கும் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் இருப்போம். எங்களுக்கு ரயில்வே ஸ்டேஷன்தான். போய்த் திரும்ப இருபது நிமிடம். சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போகலாம். மற்றபடி காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் நாங்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. வாயை நனைத்துக்கொள்வதோடு சரி.

தீபாவளிக்கு முந்தைய வாரம் எனக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் தொடங்கியது. பிறகு குளிர்காய்ச்சல். திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும். வந்தா உடனே போயிடணும், அடக்கவே கூடாது" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் பயந்துபோய் நிஜமாகவே குடித்தேன். பகல் இரண்டு மணிக்குள் இரண்டு பாட்டில் காலி. மூன்று மணிக்கு அடிவயிற்றில் கத்தி வைத்தது போல இருந்தது. கல்லாவில் இருந்த முதலாளியிடம் போனேன்.

"அண்ணே, ஸ்டேசன் வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்."

"இப்பவா? வாசல்ல எவ்ளோ ஜனம் நின்னுகினு கீது பாரு. இந்த பார்ட்டிய முடிச்சுட்டுப் போ."

அந்தப் பார்ட்டி மூன்று பெண்கள். பதினெட்டு நைட்டி பிரித்துக் காட்டினேன். ஒருத்தி இதே பூ வேறு கலரில் இருக்கிறதா என்று கேட்டாள். துணியை அப்படியே போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே ஓடினேன்.

ஓட முடியவில்லை. சந்து முழுக்கத் தலைகள். ஸ்டேஷன் வரை தாங்காது என்று பத்தடியிலேயே தெரிந்துவிட்டது. எதிரே காபி கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அங்கே பரிமாறும் பெண்களில் ஒருத்தியின் முகம் எனக்குத் தெரியும். இருபத்தைந்து வயது இருக்கும். அவர்கள் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பதால், மதியம் எங்கள் கடை மாடிப்படியில் உட்கார்ந்துதான் டிபன்பாக்ஸைத் திறப்பாள். ஊர் எண்ணூர் முகத்துவாரக்குப்பம் என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் பழக்கம்.

"இன்னாக்கா, இப்டி வேர்த்துக் கீது?" என்றாள்.

நான் உள்ளே இருந்த கழிப்பறைக் கதவைக் கை காட்டினேன். வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருந்தது. எண் பூட்டு. பில்லில் அச்சடித்திருக்கும் நாலு எண்ணை அழுத்தினால்தான் திறக்கும்.

"எங்களையே உள்ள வுட மாட்டாங்கக்கா. நாங்களும் ஸ்டேசனுக்குத்தான் போறோம்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு கவுண்டர் பக்கம் பார்த்தாள். சூப்பர்வைசர் காபி மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், எண்களை அழுத்தி உள்ளே தள்ளினாள்.

உள்ளே எலுமிச்சை வாசனை, கண்ணாடி, துடைக்கக் காகிதம். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ரத்தம் கலந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வரக்கூடாது என்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதேன். கதவை இரண்டு முறை யாரோ தட்டினார்கள். எழுந்திருக்க முடியவில்லை.

வெளியே வந்தபோது சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"பில் எங்க மேடம்?"

"எங்க அக்கா சார், ஒடம்பு முடியல" என்றாள் அவள்.

அவர் என் கழுத்தில் தொங்கிய கடை அட்டையைப் பார்த்தார். "நைட்டிக் கடை அக்காவா?" என்று கேட்டுவிட்டு, அவளிடம் திரும்பி ஏப்ரனைக் கழற்றச் சொன்னார்.

"சார், தப்பு என்னுது. ஒரு காபி வாங்கிக்கிறேன் சார். ரெண்டு வாங்கிக்கிறேன்" என்றேன்.

"நீங்க கெளம்புங்க மேடம்."

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. ஏப்ரனை மடித்து மேசைமேல் வைத்தாள். தொப்பியை அதன்மேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு என் கூடவே வெளியே வந்தாள். ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள்.

"நீ போக்கா. உன் மொதலாளி தேடுவாரு" என்றாள்.

நான் போய்விட்டேன். கடையில் வசவு வாங்கிக்கொண்டு, அன்று இரவு ஒன்பது வரை நைட்டி மடித்தேன்.

இரண்டு நாளில் காய்ச்சல் முற்றி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். கிருமி கிட்னிவரை போய்விட்டது என்றார்கள். படுத்திருந்த நேரமெல்லாம் அவள் மடித்து வைத்த ஏப்ரன்தான் கண்ணில் நின்றது.

எழுந்து நடக்க முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் பஸ் ஏறினேன். முகத்துவாரக்குப்பத்தில் வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், டவுனில் காபி கடையில் வேலை பார்த்த பெண் வீடு எது என்று கேட்டேன்.

"பேரு இன்னாம்மா?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடம் எங்கள் படியில் உட்கார்ந்து சாப்பிட்டவள் பேரை நான் கேட்டதே இல்லை. நாலு வீடு ஏறி இறங்கி, வெட்கத்தோடு அடையாளம் சொல்லி, கடைசியில் கண்டுபிடித்தேன். வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கூலிக்கு உரிக்கிறாளாம்.

"தேடிக்கினு வந்தியா?" என்றாள்.

வேறு வேலை கிடைத்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். எங்கள் கடையில் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். சீசன் முடிந்து ஆள் குறைக்கிற நேரம் என்று அவளுக்கும் தெரியும்.

"என் மேல கோவமா?"

கையிலிருந்த இறாலை உரித்து முடித்தாள்.

"கோவமே இல்லன்னு சொன்னா பொய்க்கா. நீ உள்ள போனதுக்கு இல்ல. அந்த எரிச்சல் எனக்கும் தெரியும். வெளிய வந்து, போன்னு சொன்னேன்ல. ஒடனே போய்ட்ட பாரு. அதுக்கு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கூடை தீரும்வரை நானும் உரித்தேன். கிளம்பும்போது பேரைக் கேட்டேன். சொன்னாள்.

முதலாளி அவளை எடுத்துக்கொள்ளவில்லை. சந்திலும் எதுவும் மாறவில்லை. நான் மட்டும் இப்போது அனுமதி கேட்பதில்லை, சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். திரும்பி வரும்போதெல்லாம் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். என்றைக்காவது என்னையும் கழுத்து அட்டையைக் கழற்றச் சொல்வார். வேறு கடைக்குப் போனாலும் இதே ஸ்டேஷன்தான்.