இரண்டு வெள்ளைக் கார்களும் ஓர் ஐம்பது சதவீதமும்

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு கலா போன் செய்தாள். கும்மிடிப்பூண்டியில் மோட்டார் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். அந்த நேரத்தில் வரும் போன் நல்ல சேதி சொன்னதே இல்லை.

"அக்கா, வண்டிய இடிச்சது நாந்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றாரு எங்க வூட்டுக்காரரு. நான் அன்னிக்கு வண்டியே எடுக்கலக்கா. பதினோரு மணிக்கு சர்வேயர் வராராம். நீங்க கொஞ்சம் வாங்க."

குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வருவதற்குள் போய்விட, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புதுவாயலில் இருக்கும் அவள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

கலாவின் கணவன் சாலமோன், இங்கே ஓர் இரும்பு மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். கலாவுக்கு காக்களூர் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங் வேலை. அவளுடைய ஷிப்டுக்கு பஸ் தோது இல்லை என்று அவள் பெயரில் இரண்டாவது கார் வாங்கினார்கள். சாலமோனின் பழைய வண்டி என்ன மாடலோ அதே மாடல், அதே வெள்ளை. "ஸ்பேரு ஒண்ணா இருந்தா நமக்குத்தான் சவுகரியம்" என்பது ஃபிட்டரின் கணக்கு. கலா லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து, இவள் எங்கேயாவது இடித்துக்கொண்டுதான் வருவாள் என்று அவளுடைய மாமியார் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கீறல்கூடப் போடாமல் தினமும் காக்களூர் போய்வந்துகொண்டிருந்தாள்.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். ஒரு வருஷம் கிளெய்ம் வாங்காமல் ஓட்டினால், அடுத்த வருஷம் நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் கழிவு தருவார்கள். அதுதான் நோ கிளெய்ம் போனஸ், எங்கள் பேச்சில் என்.சி.பி. இருபதில் தொடங்கி, தொடர்ந்து ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லை என்றால் ஐம்பது சதவீதம் வரை ஏறும். கிளெய்ம் வாங்கினால் மறுபடி பூஜ்யம். வீட்டில் இரண்டு கார் இருந்தால் இரண்டு பாலிசி, இரண்டு தனித்தனி போனஸ். ஒன்றின் கழிவை இன்னொன்றுக்குக் கடன் கொடுக்க முடியாது. ஒன்றில் வாங்கும் கிளெய்ம் மற்றதைத் தொடவும் தொடாது.

புது வண்டி வாங்கும்போதே சாலமோன் கேட்டான். "அக்கா, என் வண்டிக்கு அம்பது இருக்குதே, அத்த இதுக்கும் சேத்துப் போடுங்களேன்."

"உன் பழைய வண்டிய வித்துட்டு உன் பேர்ல வேற வண்டி வாங்கினா அம்பதும் உன்கூட வரும்பா. நீ அத்த வச்சிக்கினு இருக்கிற. இது கலா பேரு. இதுக்கு பூஜ்யத்துலேர்ந்துதான்."

நான் சொன்னது அவன் காதில் பாதிதான் ஏறியது. பூஜ்யத்தில் இருக்கும் வண்டிக்கு இழக்க ஒன்றும் இல்லை என்று மீதியை அவனே எழுதிக்கொண்டான்.

நான் போனபோது இரண்டு கார்களும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கலாவின் புது வண்டிக்கு பானெட் மடங்கி, பம்பர் பிளந்து, ஒரு ஹெட்லைட் தொங்கியது. குனிந்து பார்த்தேன். உள்ளே ரேடியேட்டர் பளபளவென்று இருந்தது. பழைய வண்டியின் முகத்தில் ஒரு கோடு இல்லை. ஆனால் அதற்குக் கீழே தரையில், ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை கூலன்ட் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு நிமிஷம் சிரிப்பே வந்துவிட்டது.

"இன்னா சாலமோன், மூஞ்சிய மாத்தி மாட்டிட்டியா?"

அவன் மழுப்பவில்லை. சனிக்கிழமை ஷிப்டு முடிந்து வரும்போது ஜங்ஷனில் முன்னால் போன லாரி பிரேக் போட, பின்னால் போய் முட்டியிருக்கிறான். லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை, போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மில் நண்பர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, பானெட், பம்பர், லைட் எல்லாவற்றையும் வண்டிக்கு வண்டி மாற்றிவிட்டு, புது வண்டி இடிபட்டதாக கம்பெனிக்குப் போன் செய்துவிட்டான்.

"அஞ்சு வருஷம் காப்பாத்தின அம்பது அக்கா. ஒரு லாரிக்காரனால போவணுமா? இவ வண்டில இன்னா இருக்குது, பூஜ்யம்தானே?"

"பூஜ்யமா?" கலா கதவருகிலிருந்து கேட்டாள். "டிரைவர்னு என் பேரப் போட்டுட்டு பூஜ்யம்ன்றியா? நாளைக்கு உங்கம்மா இன்னா சொல்வாங்க?"

எனக்கும் அப்போதுதான் கோபம் வந்தது. போனஸைக் காப்பாற்ற, இடிக்காதவளை இடித்தவளாக்குவதா?

"சர்வேயர் வந்து பானெட்ட தூக்கினா ரெண்டே நிமிஷத்துல கண்டுபுடிச்சிடுவாரு. பொய் கிளெய்ம்னு எழுதிட்டா கலா பாலிசி, அவ கையெழுத்து, அவ லைசென்ஸ் எல்லாம் மாட்டும். இப்பவே அவருக்குப் போன் பண்ணு. ஸ்பீக்கர்ல போடு. நடந்தத அப்டியே சொல்லு."

சாலமோன் வேர்த்து விறுவிறுத்துச் சொன்னான்.

"கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தீங்களா?" என்றார் சர்வேயர்.

"ஜங்ஷன்லயே எடுத்தேன் சார். நம்பர் பிளேட்டோட இருக்குது."

"புது வண்டி கிளெய்ம வாபஸ் வாங்குங்க. எதை எங்க கழட்டினீங்களோ அங்கயே மாட்டுங்க. எந்த வண்டி இடிச்சுதோ அதுக்கு கிளெய்ம் போடுங்க, நாளைக்கு வரேன். கழட்டி மாட்டினதையும் ரிப்போர்ட்ல எழுதுவேன். இனிமே ஸ்பேனர மில்லோட வச்சிக்குங்க."

பழைய வண்டிக்கு கிளெய்ம் ஃபாரம் நிரப்ப அதன் பாலிசியை வாங்கிப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் என் கண் நின்றுவிட்டது. என்.சி.பி. புரொடெக்ட். வருஷத்தில் ஒரு கிளெய்ம் வாங்கினாலும் போனஸ் குறையாமல் இருக்க, கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தில் சேர்க்கும் ஆட்-ஆன் அது.

"அப்போ இதுக்கு கிளெய்ம் வாங்கினாலும் அம்பது போவாதா?" சாலமோனுக்கு வாய் பிளந்தது. "இத்த யாரு அக்கா போட்டது?"

"நாந்தான்."

"சொல்லவே இல்லியே."

சொல்லவில்லைதான். ரெனீவல் அவசரத்தில் 'இங்க ஒரு கையெழுத்து' என்று நீட்டியிருப்பேன். காலையிலிருந்து அவனை வறுத்தெடுத்த எனக்கு அந்த இடத்தில் முகம் சுண்டிப்போனது. அவன் செய்தது தப்பு, அதில் மாற்றமில்லை. ஆனால் அவனுக்கு அந்தத் தப்பு தேவையே இல்லாமல் இருந்தது, நான் வாய் திறந்திருந்தால்.

டிரைவர் பெயர் என்ற இடத்தில் சாலமோன் தன் பெயரை எழுதினான். பிடித்தங்கள் போக கிளெய்ம் பணம் வந்தது. ஐம்பதும் அப்படியே நின்றது.

இளம் ஏஜெண்டுகளுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு வண்டி வீடுகளில் எந்தப் போனஸ் யாருடையது, அதற்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று இரண்டு பேரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகுதான். இன்றுவரை நான் தவறாமல் அப்படித்தான் செய்கிறேன்.

புது வண்டிக்கு ரெனீவல் வந்தபோது கலா தனியாக ஓட்டிக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தாள். தாளில் என்.சி.பி. இருபது சதவீதம் என்று இருந்தது.

"இது அவரோட அம்பதுலேர்ந்து குடுத்ததாக்கா?"

"இல்லம்மா. ஒரு வருஷம் நீ இடிக்காம ஓட்டினதுக்கு."

"தமிழ்ல எழுதிக் குடுங்கக்கா," என்றாள். "எங்க மாமியாருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது."