ஆணிக்கும் அலமாரிக்கும் நடுவில்

எங்கள் வீட்டில் இறந்தவர்களின் படம் சுவரில் தொங்கும். இருப்பவர்களின் படம் அலமாரியில் நிற்கும். அத்தையின் தாத்தா படம் மட்டும் இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தது. வீடு துடைக்கும் நாளில் அத்தை அதை ஆணியிலிருந்து இறக்கி அலமாரியில் வைப்பார். அடுத்த முறை துடைக்கும்போது மறுபடி ஆணியில் மாட்டுவார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே கதைதான்.

தாத்தா பட்டாளத்துக்குப் போனபோது அத்தையின் அப்பா கைக்குழந்தை. அதன்பின் தகவலே இல்லை.

"இப்ப இருந்தாலும் நூறு தாண்டியிருப்பாரு அத்தை, சுவத்துலயே விடுங்களேன்."

"சண்டையில செத்தாரா, எங்களை வேணாம்னு விட்டுட்டுப் போனாரா? அது தெரியாம எப்படிடி மாட்டறது?"

அத்தை பள்ளி வேன் ஓட்டுபவர். வேனின் கண்ணாடியில் ஒரு பித்தளை மணி தொங்கும். வேகத்தடை வந்தால் ஹாரனுக்கு முன்னால் அதுதான் பேசும். அத்தை சிறுவயதில், எங்கள் மாடியறையில் சாகும்வரை குடியிருந்த மூட்டை மாமாவிடம் "நாளைக்குத் தர்றேன்" என்று வாங்கிய மணி.

குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, அத்தைக்குத் தெரிந்தது. "இத்தனை படிச்சியே, ஒரு ஆளைத் தேடிக் குடு பாப்போம்."

ஆவணக் காப்பகத்தில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களின் பதிவுகளை எல்லாம் புரட்டினேன். கண் பூத்ததுதான் மிச்சம். படத்தில் தாத்தா கையில் துப்பாக்கி இருந்ததே! அதே துப்பாக்கியோடு அடுத்த தெருத் தபால்காரரின் அப்பாவும் ஒரு படத்தில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. துப்பாக்கி ஸ்டூடியோக்காரருடையது.

துப்பாக்கி இல்லாமல் கழுதைகளில் சாமான் ஏற்றிப் போகும் சுமைப் பிரிவின் பதிவைக் கேட்டேன். அன்று அத்தையும் கூட வந்திருந்தார். அந்தப் பதிவில் தாத்தா பெயர் இருந்தது. கோவேறு கழுதை பார்ப்பவர். அடையாளம்: இடது காதில் மேல்பாதி இல்லை, கழுதை கடித்தது. கீழே, ஆளைக் காணவில்லை, கழுதையைக் காணவில்லை, கழுத்து மணியையும் காணவில்லை.

அத்தை காதைத் தடவிக்கொண்டார்.

அடுத்து, சண்டை முடிந்தபின் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் எங்கள் வீட்டுக்கான பக்கத்தைப் புரட்டினோம். குடும்பத் தலைவி, மகன், மாடியில் வேறு பெயரில் ஓர் ஆண், மூட்டை சுமப்பவர். அவருக்கு நேரே உறவுக் கட்டத்தில் 'கணவர்' என்று எழுதி, அடித்து, 'வாடகைக்கு இருப்பவர்' என்று திருத்தியிருந்தது.

"அரைக்காது!" அத்தை கத்தியே விட்டார். "மூட்டை மாமாவுக்கு அரைக்காதுடி! எலி கடிச்சதான்னு கேட்டு எவ்ளோ ஓட்டியிருக்கேன்!"

"அம்மா, இங்க சத்தம் போடக் கூடாது," என்றார் காப்பக ஊழியர்.

"எங்க தாத்தா எங்க வீட்டு மாடியிலயே இருந்திருக்காருங்க! சத்தம் போடாம எப்படி?"

ஓடிவந்தவரைப் பட்டாளம் பிடித்துப் போகாமல் இருக்க, பாட்டி அவரை வாடகைக்காரர் ஆக்கியிருக்கிறார். பயம் தீர்ந்த பிறகும் வேஷம் கலையவில்லை.

"மாசம் பொறந்தா பாட்டி வாடகை வாங்க மாடி ஏறுவாங்க," என்ற அத்தைக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. "எறங்கி வர ரொம்ப நேரமாகும்டி!"

ஊழியரும் சிரித்துவிட்டார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விட்டுட்டுப் போகலடி. மாடிக்குத்தான் போயிருக்காரு."

எனக்கும் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் தேடிய ஆளின் அறையில்தான் நான் பரீட்சைக்கெல்லாம் படித்திருக்கிறேன். என்னத்தைப் படித்தேனோ!

திரும்பும் வழியில் வேகத்தடை வந்தது. மணி கிணுகிணுத்தது. இருவரும் அதையே பார்த்தோம்.

"நாளைக்குத் தர்றேன்னு வாங்கினது," என்றார் அத்தை. "மாமா ரெண்டு தடவ கேட்டாரு, பாவம். இப்ப யாருக்குடி குடுக்கறது? அவருக்கா, பட்டாளத்துக்கா?"

"பட்டாளம் கழுதையையும் சேத்துக் கேக்கும் அத்தை."

"அப்ப மூச்சு விடாத."

தாத்தா இப்போது சுவரில் அசையாமல் இருக்கிறார். மணி இன்னும் வேனில்தான்.