அவள் மாற்றி எழுதிய சீட்டுகள்

பெரம்பலூரில் டாக்டர் எங்களிடம் சொன்னது பதினொரு வார்த்தைகள். "கணையத்துல கட்டி இருக்கு. பரவிடுச்சு. இனிமே வலி இல்லாம பாத்துக்கறதுதான் சார். வேற வழியில்ல." வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் எழுதி எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான்.

முப்பத்துநான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊரில், வீட்டு வாசலிலிருந்து கோயில் படி வரை இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. கோயிலுக்குள் மின்விசிறி பதினாறு, அதில் ஓடுவது பதின்மூன்று. எண்ணாமல் இருந்தால் எனக்குப் பதற்றம் வந்துவிடும். என் மனைவி அப்படி இல்லை. ஜெபமாலை சொல்லும்போதுகூட ஒரு பத்துக்குப் பதினோரு மணி உருட்டிவிடுவாள். நான் திருத்தினால், "ஒண்ணு கூட சொன்னா மாதா என்ன திருப்பியா குடுக்கப் போறாங்க?" என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை இருந்தது. "தோத்திரம் ஆண்டவரே." பஸ் கிடைத்தாலும் சொல்வாள், தவறிப்போனாலும் சொல்வாள். பால் திரிந்தால் சொல்வாள். எங்களுக்குக் குழந்தை இல்லை என்று திருச்சியில் ஒரு டாக்டரம்மா முடிவாகச் சொன்ன அன்றும், வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு அதைச் சொன்னாள். எனக்கு அப்போது வயது முப்பத்தாறு. அன்றிலிருந்து அந்த வார்த்தை என் காதில் விழும்போதெல்லாம் ஓர் எரிச்சல் வரும். நாற்பத்துமூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அது போகவில்லை.

பெரம்பலூரிலும் டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் அதைச் சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அரியலூர் வரும்வரை பஸ்ஸில், எதிரே சுண்ணாம்புக் கல் ஏற்றிக்கொண்டு வந்த லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னலோரம் இருந்தாள். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போது கேட்டாள்.

"எத்தன லாரி வாத்தியாரே?"

"முப்பத்தெட்டு."

"இன்னும் ரெண்டு வந்திருந்தா நாப்பது. முழு நம்பரா இருந்திருக்கும்."

அந்த வாரமே நான் ஒன்பது சனிக்கிழமைப் பூசைக்கு ஏற்பாடு செய்தேன். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பூசை யாருக்காக, எதற்காக என்று ஒரு சிறு சீட்டில் எழுதி உபதேசியாரிடம் கொடுத்துவிட வேண்டும். உபதேசியார் என்பவர் கோயில் மணியிலிருந்து மெழுகுதிரி வரை பார்த்துக்கொள்பவர். பூசை தொடங்குமுன் சீட்டுகளை ஒலிபெருக்கியில் வாசிப்பவரும் அவர்தான். சனிக்கிழமை மாலை மாதா பூசைக்குக் கூட்டம் இருக்கும். அத்தனை பேரும் நம் கருத்துக்காக வேண்டிக்கொள்வார்கள். நான் ஒன்பது சீட்டுகளையும் ஒரே நாளில், ஒரே அளவில் வெட்டி, வரிசை எண் போட்டு எழுதிக் கொடுத்தேன். அவள் பெயர், கீழே, 'நோய் நீங்கி நலம் பெற வேண்டி.' ஒன்பதிலும் அதுதான். ஓர் எழுத்து கூடக் குறையாது.

உண்மையைச் சொல்வதென்றால் அதை நான் வேண்டுதலாகக்கூட நினைக்கவில்லை. ஒன்பது முறை சரியாகச் செய்தால் விடை வந்தாக வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் மூன்று சனிக்கிழமை நான் எழுதியபடியே வாசித்தார்கள். நான்காவது சனிக்கிழமை உபதேசியார் அவள் பெயரைச் சொல்லி, "இறைவனுக்கு நன்றியாக" என்று வாசித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை முடியும்வரை எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. ஒன்பதில் ஒன்று வீணாகிவிட்டது, எட்டுதான் தேறும், எட்டு போதுமா என்றே மனம் ஓடியது.

முடிந்ததும் நேராக உபதேசியாரிடம் போனேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், என்னிடம் படித்தவர். வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் கேட்டேன்.

"ஒன்பதாம் வாய்ப்பாடு வராம முட்டி போட்டவன்தானே நீ. அன்னிக்கு ஒழுங்கா அடிச்சிருந்தா இன்னிக்கு ஒரு சீட்டச் சரியா வாசிச்சிருப்ப."

"தப்புதான் சார்," என்றார் அவர். "கண்ணு மங்குது. அடுத்த வாரம் பாத்துக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். அவர் மெழுகுதிரித் தண்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் மனைவி தூரத்தில் நின்று பார்த்தாள். வழியில் அவள் சொன்னது இது மட்டும்தான்: "பாவம், அத ஏன் பேசுறீங்க."

ஐந்தாவது சனிக்கிழமையும் 'நன்றியாக' என்றே வந்தது. இந்த முறை நான் பீடத்துக்குப் பக்கத்து அறைக்குள்ளேயே போய்விட்டேன். சீட்டைக் காட்டு என்றேன். உபதேசியார் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து சீட்டுகளை ஒரு கட்டாக எடுத்துக் கொடுத்தார். அது என் எழுத்து இல்லை. வலப்பக்கம் சாய்ந்து, கொம்பெல்லாம் சுழிந்து, என் மனைவியின் எழுத்து. மேலே இருந்தது ஆறாவது சீட்டு. மொத்தம் எத்தனை என்று விரலால் தள்ளி எண்ணினேன். நான்கு. எண்ணியதோடு சரி, கீழே இருந்ததைப் படிக்கவில்லை. அவர் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

"யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க சார்," என்று பின்னாலிருந்து அவர் சொன்னது காதில் விழுந்தது.

வீட்டில் அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அன்றைக்குக் கோயிலுக்கு வர முடியவில்லை. என் சீட்டெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"வெந்நி அடுப்புல போட்டுட்டேன். ஒங்க எழுத்து நல்லாத்தான் எரிஞ்சுது."

"ஏன் மாத்துன?"

"நீங்க கேக்குறது அவருக்கு மொத வாரமே கேட்டிருக்கும். செவிடா என்ன? ஒம்பது தரம் வரிசை நம்பர் போட்டு நோட்டீஸ் அனுப்புறீங்க. அவரு செய்யறதச் செய்யட்டும். எம் பங்குக்கு நான் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்."

"எதுக்கு நன்றி?" என்றேன். "புள்ள குடுத்தாரா? இப்ப இத குடுத்ததுக்கா? எதுக்கு?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் வாயில் அவளுடைய கிண்டல் இருந்தது.

"எண்ணிப் பாருங்க. ஒங்களுக்குத்தான் அது வருமே."

ஞாயிறும் திங்களும் அவளோடு பேசவில்லை. மாத்திரையை எடுத்து வைப்பேன், கஞ்சியை வைப்பேன், உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். செவ்வாய்க்கிழமை காலை அவளே, "வாத்தியாரே, ஸ்கூல் லீவு முடிஞ்சுதா?" என்று கேட்டபிறகுதான் வாய் திறந்தேன்.

அந்த ஐந்தாம் சனிக்கிழமையிலிருந்து அவள் இருந்தது பத்தொன்பது நாள். அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. ஆனால் டாக்டர் பதினொரு வார்த்தையில் அதைத்தானே சொன்னார். எல்லாவற்றையும் எண்ணுகிறவன், பத்தொன்பதில் இரண்டை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

ஆறாம் சனிக்கிழமைக்குப் பின் வந்த செவ்வாயன்று வலி தாங்க முடியாமல் போனது. கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "போதும் ஆண்டவரே, போதும்," என்றாள். எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. காலையிலிருந்து அவள் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. ஒரு நாளைக்கு இருபதுக்குக் குறையாமல் சொல்கிறவள். எரிச்சல்பட்டுக்கொண்டே நான் அதையும் எண்ணி வைத்திருந்தேன்.

"இன்னிக்கு ஒரு தோத்திரமும் காணோமே," என்றேன்.

குத்திக்காட்டத்தான் சொன்னேனா, பயந்துபோய்ச் சொன்னேனா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை.

"வரமாட்டேங்குதுங்க. எனக்குப் பதிலா நீங்க சொல்லுங்க."

ஒரு வார்த்தை. கூட 'ஆண்டவரே' சேர்த்தால் இரண்டு. நாற்பத்துமூன்று வருடம் கேட்ட வார்த்தை. என் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. நான் காத்திருந்தேன், அவளும் காத்திருந்தாள்.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். "குடுங்க," என்றாள்.

மறுநாள் பெரம்பலூர் டாக்டரிடம் போனில் கேட்டு வேறு மாத்திரை வாங்கி வந்தேன். கொஞ்சம் அடங்கியது. அவளுக்கு அந்த வார்த்தை திரும்பி வந்தது, உதட்டளவில். என்னை அவள் மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன் என்று எழுதலாம், அது பொய். எனக்கு மனமில்லை. சொல்லிவிட்டால் அவளை நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது.

ஏழாம் சனிக்கிழமைக்கு அடுத்த வியாழன் காலை, நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது அவள் போய்விட்டாள். எந்தச் சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன், முடிந்திருந்தது. கோயிலில் துக்க மணி அடித்தார்கள். அதையும் எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை அடக்கம். சனிக்கிழமை காலை உபதேசியார் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். நாற்காலியில் உட்காராமல் சட்டைப் பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்தார்.

"சார், இன்னிக்கு எட்டாவது சனி. அம்மா எழுதுனது ரெண்டு இருக்கு. நன்றின்னு இருக்கு. இப்ப எப்படி வாசிக்கறது? 'ஆன்ம இளைப்பாற்றிக்காக'ன்னு நீங்க மாத்தி எழுதிக் குடுத்தா…"

பேனாவைக் கையோடு கொண்டு வந்திருந்தார். வாங்கினேன். எட்டாவது சீட்டில் அவள் பெயர், கீழே 'இறைவனுக்கு நன்றியாக'. அடுத்ததை எடுத்தேன். அதிலும் அதே வரிதான். ஆனால் மேலே இருந்தது அவள் பெயர் இல்லை. என் பெயர்.

உபதேசியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது முன்பே தெரியும். அன்று என் கையில் நான்கு சீட்டுகள் இருந்தன. எண்ணினேன், படிக்கவில்லை. படித்திருந்தால் ஒன்பதாவது வாரத்தில் உயிரோடு இருக்கமாட்டோம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தது எனக்குத் தெரிந்திருக்கும். நான் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குள் நான் நன்றி சொல்லுமளவுக்குச் சரியாகிவிடுவேன் என்றும் நம்பியிருக்கிறாள்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"மாத்த வேணாம்ப்பா. அப்படியே வாசி," என்றேன். பிறகு, "அன்னிக்கு அத்தன பேரு முன்னாடி ஒன்னப் பேசிட்டேன்," என்றேன்.

"விடுங்க சார். வாய்ப்பாடு எனக்கு நெசமாவே வராது."

அன்று மாலை எட்டாவது சீட்டை வாசித்தபோது கோயிலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நேற்று அடக்கம் செய்தவள் பெயரில் நன்றி என்றால் யாருக்குத்தான் புரியும். தப்பாக வாசித்துவிட்டார் என்று இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுடைய அந்த வார்த்தையைச் சொல்ல முயன்றேன். முதல் எழுத்தைத் தாண்ட முடியவில்லை.

நடுவில் இருந்த ஆறு நாளும் வீட்டில் ஒருவருமில்லை. மீந்துபோன மாத்திரைகளை எண்ணினேன். இருபத்தாறு. அவள் சொன்னபடி எண்ணிப் பார்க்கலாம் என்று ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நாற்பத்துமூன்று வருடம் எனக்குப் பெரிதாக இருந்தது, கைக்கு அடங்கவில்லை. கடைசியில் அந்தப் பத்தொன்பது நாளை மட்டும் எடுத்துக்கொண்டேன். இரண்டைக் கழித்தேன். பதினேழு. அந்தப் பதினேழு நாளும் அவள் இருந்தாள், பேசினாள், என்னைக் கிண்டல் செய்தாள், நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். அதை எனக்குத் தர வேண்டிய கடன் யாருக்கும் இல்லை. ஆனாலும் தரப்பட்டிருந்தது.

ஒன்பதாம் சனிக்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டு காலடி நடந்து கோயிலுக்குப் போனேன். உபதேசியார் என் பெயரை வாசித்தார். நன்றியாக என்று வாசித்தார். ஆண்கள் பக்கம், தூணோரம் நின்றபடி, அவளுக்குப் பதிலாக அந்த வார்த்தையைச் சொன்னேன். குரல் வரவில்லை, பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்காது. பதினேழுக்கு மட்டும்தான் சொன்னேன். மற்றதற்கு இன்னும் என்னால் முடியவில்லை. அந்த இரண்டு நாளுக்கு நான் கேட்க வேண்டியது மன்னிப்பு. அதையும் கேட்டேன்.

பிறகு பூசை தொடங்கிவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன் என்று எழுதப் போனேன். நான் முன்பே நின்றுகொண்டுதான் இருந்தேன்.