புரை ஏறாத தொண்டை

புற்றுநோய் வந்து என் கணவரின் குரல்வளையை எடுத்த பிறகு நாங்கள் போன முதல் கல்யாணம் அரியக்குடியில் நடந்தது. சந்தையில் காய்கறி ஏலம் விட்ட மனிதர், குரல் போனதும் வெகுநாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூச்சுவிடக் கழுத்தடியில் ஒரு துளை. அதன்மேல் மெல்லிய துணி. பேச வேண்டுமென்றால் டார்ச் லைட் போன்ற ஒரு கருவியைக் கழுத்தில் அழுத்தி உதட்டை அசைப்பார். ஏற்ற இறக்கமில்லாத இயந்திரக் குரல் வரும்.

பந்தியில் அவருக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் அண்ணன். இலையில் சோறு விழுந்ததுமே பதறினார்.

"மாப்பிள்ள, சோறு வேணாம். ரசத்தை மட்டும் குடிங்க. அந்த ஓட்டைக்குள்ள போயிருச்சுன்னா என்ன செய்வீக?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சுட்டது. இவர் நிதானமாகச் சாம்பாரைப் பிசைந்து சாப்பிட்டார். அண்ணன் விடாமல் பேசிக்கொண்டே அப்பளத்தைக் கடிக்க, அவருக்குப் புரை ஏறிவிட்டது. கண்ணில் நீர் வர இருமினார். "ஆரோ நெனைக்கிறாக" என்று ஒருவர் தலையில் தட்டினார்.

இருமல் அடங்கியதும் இவர் இடது கையால் கருவியை எடுத்தார்.

"மச்சான், எனக்கு இனிமே புரையே ஏறாது."

"அதெப்படி?"

இவர் என்னைப் பார்த்தார். மதுரை டாக்டர் படம் வரைந்து காட்டியதை நான் சொன்னேன்.

"அண்ணே, வாய்க்குப் பின்னாடி சோத்துக்கும் மூச்சுக்கும் ஒரே வழிதான். கீழ போயித்தான் ரெண்டாப் பிரியும். முன்னாடி மூச்சுக்குழாய், பின்னாடி உணவுக்குழாய். மூச்சுக்குழாய்க்கு மேலதான் குரல்வளை. முழுங்குறப்ப அதை ஒரு மூடி வந்து மூடிக்கிரும். பேசிக்கிட்டே தின்னா, மூடாம விட்டுரும். ஒங்களுக்கு இப்ப நடந்தது அதுதான். இவுகளுக்கு மூச்சுக்குழாயத் தனியாப் பிரிச்சுக் கழுத்துக்குக் கொண்டுவந்துட்டாக. வாயில போடுறது வயித்துக்குத்தான் போகும்."

அண்ணன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்ப நாங்கதான் பாத்துத் திங்கணும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

பாயசம் வந்தது. பரிமாறியவர் இவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "இவுகளுக்கு ஊத்தலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கருவியை அழுத்தினார்.

"நெறையா ஊத்துங்க."

பந்தி முழுக்கக் கேட்டது. நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன்.