ஆமாங்க சொன்ன அண்ணன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் துரை முன்னால் யாரும் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. மேல்காட்டில் கொழுந்து முற்றிவிட்டதா என்று கேட்டால் ஆமாங்க. நேற்றுச் சொன்னது புரிந்ததா என்று கேட்டால், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் ஆமாங்க. அதைத்தான் மரியாதை என்று நினைத்தோம். நானும்தான். இன்று என் வாய் நீளுகிறது என்பதற்காக அன்றும் நீண்டிருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில் ஸ்டோரிலிருந்து உரமூட்டைகள் காணாமல் போயின. என் அண்ணன் தோளில் சாக்கோடு போனதைப் பார்த்ததாக யாரோ சொல்ல, போலீஸ் வந்து எங்கள் வாசலில் கிடந்த காலி உரச்சாக்கை எடுத்தது. லயத்து வரிசை வீடுகளில் எதில்தான் உரச்சாக்கு இல்லை? எங்களுக்கு அதுதான் கால்மிதி. அண்ணன் சுமந்து வந்தது கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி. அதை அடுப்பில் வைத்து எரித்தவளே நான்தான்.

அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோர்ட்டுக்கு நானும் போனேன். வக்கீல் வைக்கலாம் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. வாசலில் அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன்.

“அண்ணே, எதுத்துப் பேசாதே. என்னா கேட்டாலும் ஆமாங்கன்னு சொல்லிரு. சீக்கிரமா முடிஞ்சிரும்லா” என்றேன். பெரிய யோசனைக்காரி!

உள்ளே குற்றப்பத்திரிகையை மலாய் மொழியில் வாசித்தார்கள். ஒருவர் அதைத் தமிழில் மடமடவென்று ஒப்பித்தார். பின்வரிசையில் இருந்த எனக்குப் பாதிகூட எட்டவில்லை. குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா, ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரியுமா என்பதுதான் கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணன் துரை முன்னால் நிற்பது மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு, இரண்டுக்கும் “ஆமாங்க” என்றான். மூன்று மாதம் ஜெயில். சீக்கிரம் முடியும் என்று நான் சொன்னது மட்டும் பலித்தது.

அடுத்த மாதமே அந்த மூட்டைகள் ஒரு லோரிக்காரன் வீட்டில் அகப்பட்டன. ஆபீசுக்கு ஓடினேன்.

“என்னாம்மா செய்யறது? ஒங்கண்ணனே ஒத்துக்கிட்டானே” என்றார் கணக்கெழுதும் கிராணி. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. வழி தெரிந்தவர்கள் யாரும் எங்கள் பக்கம் வரவில்லை.

அண்ணன் மூன்று மாதமும் இருந்துவிட்டு வந்தான். தோட்டத்தில் வேலை இல்லை என்றார்கள். பக்கத்து ஊரான திரிங்காப்பில், காய்கறித் தோட்டத்தில் கோபிஸ் நடப் போனான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயில் மண்டபத்தில் ஒரு வக்கீல் வந்து பேசினார். பிடிபட்டவனுக்கு அவன் மொழியில் நிதானமாக விளக்க வேண்டும், ஏழையை விசாரிக்கிற முறையே மாற வேண்டும், அதை நாம் நாலு பேர் முன்னால் பேசினால்தான் மாறும் என்றார். நல்ல தமிழ்தான். வேகம்தான் இறக்கத்தில் போகும் காய்கறி லோரி. பேசி முடித்து, “எல்லாருக்கும் விளங்கியதா?” என்று கேட்டார்.

மண்டபமே “ஆமாங்க” என்றது. என் வாயிலிருந்தும் வந்துவிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அன்று திரிங்காப்பிலிருந்து வந்திருந்த அண்ணன் கடைசி வரிசையில் எழுந்தான். கையைக் கட்டவில்லை.

“எனக்கு வெளங்கலீங்க. மொதல்லேர்ந்து மெதுவா சொல்லுங்க” என்றான்.