லாபம், ரெண்டு, மூணு

புது உளுந்து வந்து இறங்கும் நாளில் ஒரு வாசனை வரும்... காய்ந்த செடி, வயல் மண், சாக்கு எல்லாம் கலந்த வாசனை. மூட்டையைப் பிரித்ததும் தூசி மூக்கில் ஏறும். தும்மிக்கொண்டேதான் விலை பேசுவோம்.

சிதம்பரத்தில் என் தானியக் கடை அப்போது ஒரே ஒரு ஷட்டர். மாடியில் வீடு. மகள் காவியா எல்கேஜி.

பொங்கல் லீவு முடிந்த கையோடு மிஸ் கூப்பிட்டு விட்டார்கள். ஒன், டூ, த்ரீயைப் பாட்டு மாதிரி ஒப்பிக்கிறாளாம். எதிரே பொருளை வைத்து எண்ணச் சொன்னால் விழிக்கிறாளாம். பென்சிலும் விரலில் நிற்கவில்லை. பரீட்சைக்குள் சரியாகாவிட்டால் மறுபடியும் எல்கேஜிதான் என்றார்கள்.

நான் எட்டாவதில் இரண்டு தடவை பெயிலாகி, அதோடு நின்றவன். கூடப் படித்தவனெல்லாம் மேல் வகுப்புக்குப் போக, நாம் மட்டும் அதே பெஞ்சில் உட்காருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாலு வயதிலேயே அது அவளுக்கு வேண்டாம் என்று தோன்றியது.

என் மனைவி வளர்மதி சிலேட்டும் ஒர்க் புக்குமாக உட்கார்ந்தாள். பென்சிலைக் கண்டாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்விடும். இவள் கெஞ்சுவாள், மிரட்டுவாள், கடைசியில் இவளே அழுவாள்.

"ஏங்க, கொஞ்ச நேரம் இவள கடைக்கு கூட்டிகினு போங்க. நா சோறாவது ஆக்குறேன்."

அப்படித்தான் கூட்டிப்போனேன். பாடம் நடத்துகிற எண்ணமெல்லாம் எனக்கில்லை.

சேத்தியாத்தோப்பு பக்கத்திலிருந்து வரும் உளுந்தில் பச்சைப் பயறும் கல்லும் கலந்திருக்கும். ஒரு தட்டில் கைப்பிடி பரப்பி, கல் எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை சொல்வோம். சும்மா இருக்கட்டும் என்று அவளிடம் ஒரு தட்டும் மூன்று கிண்ணமும் கொடுத்தேன். உளுந்து ஒன்றில், பயறு ஒன்றில், கல் ஒன்றில்.

ஆள் அசையவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, இரண்டு விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மறுநாள் ஸ்கூல் விட்டதும் அவளே கடைக்கு வந்து நின்றாள். தட்டு அலுத்தால் ஆழாக்குப் படியை எடுத்து உளுந்தை அள்ளிக் கொட்டுவாள். அதுவும் அலுத்தால் என் மச்சான் குமாருக்குப் பின்னால் போய், மூட்டையைத் தொட்டுத் தொட்டு அவனோடு சேர்ந்து எண்ணுவாள்.

ஒரு மூட்டைக்கு ஒரு எண். ஸ்கூலில் வராதது இங்கே வந்தது.

பரீட்சை நாள். வளர்மதியும் நானும் வாசலோரம் நின்றோம். மிஸ் மேசையில் புளியங்கொட்டையைப் பரப்பி எண்ணச் சொன்னார்கள்.

காவியா ஒரு கொட்டையைத் தள்ளினாள். "லாபம்..."

அடுத்தது. "ரெண்டு... மூணு..."

மிஸ் நிறுத்தினார்கள். "ஒண்ணு எங்கம்மா?"

"மொதல்ல லாபம்தான் மிஸ்."

வளர்மதி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... தானியம் அளக்கிறவர்கள் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டோம். லாபம் என்றுதான் தொடங்குவோம். அது எங்களுக்கு வாய்ப்பழக்கம், பிள்ளைக்கும் தொற்றிவிட்டது. மிஸ்ஸிடம் வழிந்துகொண்டே அதைச் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை.

"சரி, எனக்கு அஞ்சு எடுத்துக் குடு."

அவள் எண்ணி வைத்தாள். மிஸ் கையில் எண்ணிப் பார்த்தார்கள்.

"ஆறு இருக்கே?"

போச்சு என்று நினைத்தேன்.

"அஞ்சுதான் மிஸ். அது கொசுறு."

மிஸ் இப்போதுதான் சிரித்தார்கள். அப்புறம் பென்சிலைக் கொடுத்தார்கள். கல் பொறுக்கிய அதே இரண்டு விரலில் அது நின்றது. கோடு கோணல்தான். ஆனால் நின்றது.

"யூகேஜிக்கு அனுப்பிடுறேன். ஆனா கடையில லாபம், ஸ்கூல்ல ஒண்ணு. சரியா?" என்றார்கள்.

"சரி மிஸ்" என்றது பிள்ளை. நானும் சொன்னேன்.

அந்தக் காவியா இன்று கடலூரில் பேங்க் உத்தியோகம். அவள் பையன் இப்போது எல்கேஜி. வீடு முழுக்க ஒர்க் ஷீட், செல்போனில் எண்ணிக் காட்டும் ஆப், வாட்ஸ்அப் குரூப்பில் எந்தப் பிள்ளை என்ன எழுதியது என்ற போட்டோ. அப்போது எங்களுக்கு இதில் எதுவும் இல்லை. இருந்திருந்தால் வாங்கியிருப்பேன், பொய் சொல்வானேன்.

போன வாரம் போன் பண்ணினாள்.

"அப்பா, இவன் பென்சில தொடவே மாட்றான்ப்பா. வரும்போது ஒரு படி உளுந்து எடுத்துகினு வாங்க. கல்லோட."

அங்கேதான் சிக்கல். இப்போது என் கடையில் எல்லாம் மெஷினில் சுத்தம் செய்த சரக்கு. சலித்துப் பார்த்தும் ஒரு கல் கிடைக்கவில்லை.

வேறு வழியில்லை. குமார் வாசலில் கல் பொறுக்க, நான் கழுவிக் காயவைத்து, பயறும் சேர்த்து உளுந்தில் கலந்தேன். "இத்தினி வருஷம் இல்லாம இப்ப எதுக்கு மாமா கலப்படம்?" என்றான் படுபாவி.

ஞாயிற்றுக்கிழமை பையோடு கடலூர் பஸ் ஏறினேன். தட்டு, மூன்று கிண்ணம். பேரன் செல்போனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா மாதிரியே நாக்கைத் துருத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தான்.

"தாத்தா, உன் உளுந்துல கல்லு ஜாஸ்தி."

காவியா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

பொறுக்கிய கல்லை ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிக்கொண்டிருந்தான். லாபத்தை நான் இன்னும் சொல்லித் தரவில்லை.

முதலில் யூகேஜி போகட்டும்...