பதினொன்றாம் தீர்மானம்

இன்று எங்கள் நகராட்சிக் கூட்டத்துக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன்.

தீர்மானங்களை வாசித்து முடிக்கும் முன்பே, வழக்கம்போல "ஆல் பாஸ்" என்று மேசையைத் தட்டினார்கள்.

எங்கள் வார்டு கவுன்சிலர் அக்கா மட்டும் எழுந்தார்.

"இருங்கண்ணே. பதினொண்ணு பாஸ் இல்ல. தெருக்குழாயை மெயின்ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாத்துனா, லாரிக்கு நடுவுல குடத்தோட எப்படிக் கடக்குறது?"

தலைவர் சிரித்தார். "ஒரு குழாய்க்கு இம்புட்டுப் பேச்சா?"

"தண்ணி தூக்குறவுகளுக்குத்தாண்ணே தெரியும்."

பதினொன்றைக் கைவிட்டார்கள்.

முழங்கால் வலியோடு தண்ணீர் எடுக்கும் என் அம்மா அந்தச் சாலையைக் கடக்க வேண்டி வராது.

வெளியே வந்ததும் அக்காவிடம் நன்றி சொன்னேன்.

"நன்றி கெடக்கட்டும். எப்பவும் உங்கம்மாதான் குடத்தோட வாராக. நாளைக்கு நீ வா தம்பி."

தண்ணீர் காலை ஐந்து மணிக்கு வரும். என்னை எழுப்பிவிட யார் இருக்கிறீர்கள்?